பூண்டு வேண்டாம் என்று நான் சொன்ன காரணம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். மூன்று வாரமாக நானும் உன் அம்மாவும் அதைத்தான் உன்னிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தோம். அது உண்மை இல்லை. இந்த வரியைப் படித்ததும் நீ எழுந்து டிக்கெட் பார்க்கப் போய்விடுவாய் என்பதால், இன்றைய நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலை சுகன்யா இட்லியைத் தொடவில்லை; ஆனால் அரை டம்ளர் மோர் குடித்தாள், அது உள்ளேயே தங்கியிருக்கிறது. எடை நாற்பத்து மூன்றரைக் கிலோ. போன வாரத்தைவிட அரைக் கிலோ கூடுதல். வயிற்றில் இருக்கும் குழந்தையின் துடிப்பு சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். வருகிற திங்கட்கிழமை மறுபடியும் காட்ட வேண்டும். கவலை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அதனால் நானும் சொல்ல மாட்டேன்.

உன்னிடம் நான் மறைத்தவை இரண்டு. ஒன்றுக்கு மூன்று வாரம் ஆகிறது. இன்னொன்றுக்குப் பதினான்கு வருடம். இரண்டையும் இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவதைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே, வரிசையாகப் படி. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ நடுவில் ஒரு கேள்வி கேட்டால் நான் பதிலை மழுப்பிவிடுவேன். அதில் எனக்கு எவ்வளவு தேர்ச்சி என்பதை இந்த மூன்று வாரத்தில் நானே பார்த்துவிட்டேன். நம் தெருமுனை மளிகைக்கடை பாயின் மருமகன் சனிக்கிழமை தோஹா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ தோஹாவுக்குப் போன பத்தாம் நாள் சுகன்யா உங்கள் சென்னை வீட்டைப் பூட்டிவிட்டு இலுப்பூருக்கு வந்தாள். தாய் இல்லாத பெண், இந்த நேரத்தில் நம்மோடுதான் இருக்க வேண்டும் என்று நீயும் சொன்னாய், நாங்களும் சொன்னோம். அவள் வந்த அதே வாரத்தில் உன் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு மாதம் அடுப்பு அனல் படக் கூடாது, குனியக் கூடாது, அழக்கூடக் கூடாது என்று சொல்லி ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆக, அடுப்படி என் கைக்கு வந்தது. அறுபத்து நான்கு வயதில் முதல்முறையாக. உன் அம்மா கூடத்து நாற்காலியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமர்ந்து உத்தரவு போடுவாள், நான் உள்ளே நின்று செய்வேன். எனக்கும் அவளுக்கும் அது போதுமானதாக இருந்தது. சுகன்யாவுக்குத்தான் எதுவும் ஒத்துவரவில்லை. முதலில் காலையில் மட்டும் வாந்தி. பிறகு உலை கொதிக்கிற வாடை வந்தாலே வாந்தி. பிறகு தண்ணீர் குடித்தாலும் வாந்தி. இரண்டு முறை புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் டிரிப்ஸ் ஏற்றிவந்தோம். அந்த இரண்டு நாளும் நீ போன் செய்தபோது, அவள் மாடியில் துணி காயப்போடுகிறாள் என்று ஒரு முறையும், குளிக்கிறாள் என்று ஒரு முறையும் சொன்னேன்.

போன வாரத் திங்கட்கிழமை டாக்டரம்மா அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். "சார், வியாழக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஏதாச்சும் வயித்துல தங்கணும். எடை இன்னும் எறங்குச்சுன்னா அட்மிட் பண்ணிருவேன். புள்ளைக்காக மட்டும் சொல்லல, இந்தப் பொண்ணு ஒடம்புக்காகவும்தான் சொல்றேன்" என்றார். திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் சுகன்யா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். உன்னிடம் சொல்லக் கூடாது. மூன்று மாதம் உன்னை டிரையலில்தான் வைத்திருக்கிறார்கள், இப்போது விட்டுவிட்டு வந்தால் திரும்ப எடுக்க மாட்டார்கள், தெரிந்தால் நீ ஒரு நிமிடம் அங்கே இருக்க மாட்டாய் என்றாள். நானும் சரி என்றேன். அவளுக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை தம்பி. ஒரு விஷயத்தை உன் நன்மைக்காக உன்னிடமிருந்து மறைப்பது எனக்கு ஏற்கெனவே பழகிய வேலை.

அன்று சாயங்காலம் உன் அம்மா சுகன்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, கஞ்சி, இடியாப்பம், ரசம், மாதுளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். கடைசியில், "வாய்க்கு எதுதான்டி புடிக்கும், சொல்லு. வானத்துல இருந்தாலும் ஒங்க மாமனார ஏணி வச்சு ஏறச் சொல்றேன்" என்றாள். சுகன்யா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரு ஞாயித்துக்கெழமயில செய்வாருல்ல அத்தை, பாஸ்தா... அது சாப்புடலாம் போல இருக்கு" என்றாள்.

நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் பார்த்தாளா என்பது கறுப்புக் கண்ணாடியால் தெரியவில்லை, ஆனால் முகம் என் பக்கம் திரும்பியது. நீ இன்னும் சமைக்கிறாய் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். இந்த வீட்டில் நீ கரண்டியைத் தொட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குள் வராமல் வாசலில் நின்று கேட்கிற பிள்ளையாகத்தான் உன்னை எங்களுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போனேன். இலுப்பூர்க் கடைகளில் மசாலாப் பொட்டலம் போட்ட நூடுல்ஸ்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பெரிய கடையில் சுகன்யா சொன்ன மாதிரியே, இரண்டு முனையும் சாய்வாக வெட்டிய குழல் பாஸ்தா கிடைத்தது. இரண்டு பாக்கெட் வாங்கிவந்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. உன் அம்மா ஒன்றை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் காஞ்சு கெடக்கு. அரிசி மாதிரி அரை மணி நேரம் ஊறப் போடுங்க" என்றாள். ஊறப் போட்டேன். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம், கேள்வியை இரண்டு முறை படித்துவிட்டு விடை எழுது என்று சொன்னவன் நான். அந்த பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. சோறு வடிக்கத் தெரியும், இது என்ன பெரிய வித்தை என்று இருந்துவிட்டேன்.

ஊறியதை உலையில் போட்டு, விரலில் வைத்து நசுக்கினால் நசுங்குகிற வரை வேகவிட்டேன். மூடியை வைத்து அழுத்தி, பானையைச் சாய்த்துச் சோற்றுக் கஞ்சி மாதிரியே வடித்தேன். வடிந்த பிறகு பத்து நிமிடம் மூடியே வைக்கச் சொன்னாள் உன் அம்மா, அப்போதுதான் சோறு பொலபொலவென்று வரும். வைத்தேன். கடைசியில், வெறுமனே கொடுத்தால் யார் தின்பார்கள் என்று அவள் கேட்க, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்தேன். எண்ணெயில் கடுகு வெடித்த அந்த நொடியில் உள்அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சுகன்யா குளியலறைக்கு ஓடினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போனபோது அவள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. வெளியே வருவதற்கு வயிற்றில் எதுவும் இல்லாமல் பச்சையாக நீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. உன் அம்மா கதவுச் சட்டத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டு, என்னாச்சு என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே நின்றாள். அந்த நேரத்தில் கூடத்தில் போன் அடித்தது. நீதான்.

உன் அம்மா போய் எடுத்தாள். குரலைச் சரிசெய்துகொள்ள ஒரு வினாடி எடுத்துக்கொண்டாள். "ரெண்டு தோசை சாப்புட்டுட்டுப் படுத்துருக்காப்பா, எழுப்பவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று நீ சொன்னாய். நீ அப்படித்தான் சொல்வாய் என்று தெரிந்தேதான் அவள் கேட்டாள். குளியலறைத் தரையில் இருந்த சுகன்யா, சத்தம் வெளியே போகாமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். உன் மனைவி எப்படிப்பட்டவள் என்று நீ அறிந்திருப்பாய். ஆனாலும் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். அடுப்படிக்குத் திரும்பிப் போய்ப் பானையைத் திறந்தால் உள்ளே களி. கரண்டியை நட்டால் நின்றது. ஒரு முழுப் பாக்கெட் போயிற்று.

புதன்கிழமை காலை கண்ணாடி போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பு, பதினொரு நிமிடம். ஊறவைப்பது பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாவது பாக்கெட்டில் பாதியை மட்டும் எடுத்தேன். தண்ணீர் கொதித்த பிறகு போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, பதினொரு நிமிடத்தில் இறக்கினேன். ஒன்றைத் தின்று பார்த்தேன், நன்றாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். சேமியாவை வேகவைத்ததும் உன் அம்மா பச்சைத் தண்ணீரில் அலசுவதைப் பார்த்திருக்கிறேன், அப்போதுதான் ஒட்டாது. அதே மாதிரி இதையும் குழாயடியில் காட்டி நன்றாக அலசினேன். மேலே வெண்ணெயைப் போட்டால் அது உருகவே இல்லை. குளிர்ந்த குழல்கள் மேல் கட்டிகட்டியாக நின்றது. சுகன்யா இரண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று விழுங்கினாள். ஐந்து நிமிடத்தில் அதுவும் வந்துவிட்டது.

வாயைத் துடைத்துக்கொண்டே, "கோச்சுக்காதீங்க மாமா. அவரு செய்யுறப்ப இப்புடி வெண்ணெ தனியா நிக்காது, மேல பூசுன மாதிரி இருக்கும். வடிக்கிறப்ப ஒரு டம்ளர் தண்ணி எடுத்து வைப்பாரு. எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல. நான் கூடத்துல டிவி பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாக்கெட்டில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. மறுநாள் வியாழக்கிழமை. செய்யத் தெரிந்த ஒரே ஆளிடம் கேட்கக் கூடாது என்று நாங்களே சத்தியம் செய்துவைத்திருந்தோம்.

இப்போது உனக்கு அந்த போன் ஞாபகம் வந்திருக்கும். புதன்கிழமை, இங்கே மதியம் இரண்டரை, உனக்குச் சாப்பாட்டு நேரம். நான் உனக்கு போன் செய்து, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டதே, எனக்குச் சமையல் கற்றுக்கொள்ள ஆசை வந்துவிட்டது, சுகன்யா நீ பாஸ்தா செய்வாய் என்று சொன்னாள், எப்படி என்று கேட்டேன். "நீங்களாப்பா? அடுப்படியிலயா?" என்று கேட்டாய். சிரித்தாய். உன் சிரிப்பில் பாதி சந்தேகம் இருந்தது என்று எனக்குப் பட்டது. ஆனாலும் சொல்லிக்கொடுத்தாய்.

நீ சொன்ன ஒவ்வொன்றையும் பழைய டைரியில் எழுதிக்கொண்டேன். அகலமான பாத்திரம். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் உப்பு, அதற்குப் பிறகுதான் பாஸ்தா. போட்டதும் முதல் ஒரு நிமிடம் அடியில் ஒட்டாமல் கிண்டிவிட வேண்டும். பாக்கெட்டில் பதினொன்று என்று போட்டிருந்தால் ஒன்பதிலேயே ஒன்றை எடுத்துக் குறுக்காக வெட்டிப் பார்க்க வேண்டும். "நடுவுல சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளையாத் தெரியும்ப்பா. அது மறையப் போற நேரத்துல எறக்கிருங்க. மீதி வேக்காடு வாணலியில வெந்துக்கிரும்" என்றாய். அந்தத் தண்ணீரை ஏன் ஒரு டம்ளர் எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டேன். அதில்தான் மாவு கரைந்திருக்கிறது, அதை ஊற்றிக் கிளறினால்தான் வெண்ணெய் பாஸ்தாவில் ஒட்டும், அலசினால் அந்த மாவு முழுக்கப் போய்விடும் என்றாய். மாவுச்சத்தை அயோடினில் நீலமாக்கிக் காட்டி, வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவனுக்கு நீ அதைச் சொன்னாய். ஒரு நல்ல வாத்தியார் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னாய்: எதற்குச் செய்கிறோம் என்பதோடு சேர்த்து.

பிறகு நீ பூண்டைச் சொன்னாய். நாலு பல் பூண்டை நறுக்கி வெண்ணெயில் வதக்கி என்று ஆரம்பித்தாய். சுகன்யாவுக்கு இப்போது பூண்டு என்ற பேச்சே ஆகாது. பூண்டு இல்லாமல் செய்ய முடியாதா என்று கேட்டேன்.

"ஏன்? ஒங்களுக்குப் பூண்டு ரொம்பப் புடிக்குமேப்பா."

"வீட்டுல தீந்துபோச்சு."

"நம்ம வீட்டுலயா? பூண்டா?"

அந்த நேரம் பார்த்து உள்அறையிலிருந்து அவள் ஓங்கரிக்கிற சத்தம் வந்தது. நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு இருமினேன். என்ன சத்தம் என்று கேட்டாய். அம்மா தொண்டையைச் செருமுகிறாள் என்றேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா உடனே ஒருமுறை செருமினாள். சுகன்யாவிடம் கொடுங்கள் என்றாய், தூங்குகிறாள் என்றேன். இதோ கண்டுபிடித்துவிட்டான், இனி உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ வேறு ஒன்றைச் சொன்னாய்.

"ஒங்களுக்கு இப்புடிச் சொல்லிக்குடுப்பேன்னு நான் நெனச்சதே இல்லப்பா. அந்தக் கேட்டரிங் காலேஜுல எடம் கெடச்சிருந்தா இதத்தான் வேலையாப் பாத்திருப்பேன். கெடைக்கல. நமக்கு அதுக்குத் தகுதி அம்புட்டுத்தான்னு விட்டுட்டேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாய். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உன் அம்மா, "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று கேட்டாள். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடச் சொன்னான் என்றேன்.

நீ சொன்னபடியே செய்தேன். எட்டாவது நிமிடத்தில் ஒன்றை வெட்டினேன், நடுவில் வெள்ளைப் பொட்டு. ஒன்பதில் வெட்டினேன், பொட்டு சிறியதாகியிருந்தது. பத்தேகாலில் ஊசிமுனை அளவுக்குத்தான் இருந்தது. இறக்கி, ஒரு டம்ளர் தண்ணீரைத் தனியாக எடுத்துவைத்து, காய் கழுவும் ஓட்டைக் கூடையில் வடித்தேன். ஆவி பட்டு மணிக்கட்டு சிவந்துபோனது, கையை விடவில்லை. வாணலியில் வெண்ணெய், பாஸ்தா, அந்தத் தண்ணீர், கடைசியில் மிளகுப்பொடி. கிளறக் கிளற மினுமினுவென்று வந்தது. தட்டில் போட்டு உள்ளே கொண்டுபோனேன். சுகன்யா முதல் குழலை வாயில் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவதை எடுத்தாள். நான் எண்ணினேன். பதினாலு சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய காத்திருப்பு. ஒரு மணி நேரம் தங்கினால் தங்கியது மாதிரி என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சுகன்யா ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். உன் அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். பேசினால் கெட்டுவிடும் என்பது போல யாரும் பேசவில்லை. இருபது நிமிடம். முப்பது. நாற்பதாவது நிமிடத்தில் அவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்து வாயில் கையை வைத்தாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கையை எடுத்தாள். ஏப்பம். வெறும் ஏப்பம். "இதுக்குத்தான் ரெண்டு கெழடுகளும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோமா" என்றாள் உன் அம்மா. சுகன்யா சிரித்துவிட்டாள். இருபது நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை எடை பார்த்தபோது நாற்பத்து மூன்று. கூடவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. அட்மிஷன் இன்னும் கொஞ்ச நாளுக்குத் தள்ளிப்போயிற்று. அதிலிருந்து தினமும் மதியம் நான்தான் செய்துகொடுக்கிறேன். வெறும் பாஸ்தா மட்டும் போதாது, மோர், பழம், பருப்பு என்று மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். சேர்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் விஷயம் இவ்வளவுதான்.

இரண்டாவதைச் சொல்வதற்கு முன்னால் உன் பத்தாம் வகுப்புச் சுற்றுலாவை ஞாபகப்படுத்துகிறேன். சித்தன்னவாசலுக்குப் போனோம். உன் அம்மாவுக்குக் காய்ச்சல். நீயே விடியலில் எழுந்து புளிச்சோறு கிளறிக் கட்டிக்கொண்டு வந்தாய். குன்றுக்குக் கீழே மரத்தடியில் வாத்தியார்கள் எல்லோரும் அதைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம். யார் கைப்பக்குவம் சார் என்று தமிழாசிரியர் கேட்டார். நான், அவன் அம்மா என்று சொன்னேன். ஆம்பளைப் பிள்ளை கட்டிய சோறு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நிமிர்ந்தபோது நீ தண்ணீர்க் குடத்தோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. நானும், பையன் மறந்திருப்பான் என்று வைத்துக்கொண்டேன்.

பிளஸ் டூ முடித்துவிட்டுத் திருச்சியில் அந்தக் கேட்டரிங் கல்லூரிக்கு நேர்முகத்துக்குப் போய்வந்தாய். முடிவு தபாலில் வரும் என்றார்கள். நம் தபால்காரர் பள்ளிக்கூடத்துக்குத் தபால் கொடுக்க வரும்போது வீட்டுக் கடிதங்களையும் என் கையிலேயே கொடுத்துவிடுவார். அப்படித்தான் அது வந்தது. உறையில் உன் பெயர் இருந்தது. நான் பிரித்தேன். நீ தேர்வாகியிருந்தாய், தம்பி. பதினைந்து நாளைக்குள் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். நான் அதை மடித்து, பீரோவில் என் சர்டிபிகேட்டுகள் இருக்கும் பைக்குள் வைத்தேன். என்ஜினீயரிங் கவுன்சிலிங் முடியட்டும், நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று நினைத்தேன். பதினைந்து நாள் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். மார்க் அட்டையை அப்பாவிடம் காட்டாமல் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்த பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை அடித்ததில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, குறைந்த மார்க் ஒரு நாள் பிரச்சினைதான், மறைத்தாயே, அது தினமும் வளரும் என்று சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் இந்தக் கடிதம் என் பீரோவில் இருந்தது.

உனக்குத் தகுதி இல்லை என்று நீ பதினான்கு வருடம் நம்பிவந்திருக்கிறாய் என்பது அந்த போனுக்கு முன்னால் எனக்குத் தெரியாது. நீ சமையலை மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

நேற்று உன் அம்மாவிடமும் சுகன்யாவிடமும் இதைச் சொன்னேன். அவர்களுக்கும் அதுவரை தெரியாது. சுகன்யா எழுந்து உள்ளே போய்விட்டாள். உன் அம்மா நாற்காலியில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "தெனமும் தபால்காரர் வர்ற நேரத்துக்குப் புள்ள வாசல்ல வந்து நின்னானே. ரெண்டு மாசம் நின்னானே. அதப் பாத்துக்கிட்டேதான இருந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று நான் சொன்னேன். "டாக்டருக்கு என்ன தெரியும்" என்றாள். சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. சுகன்யாதான் கடைசியில் வெளியே வந்து, "என் விஷயத்தையும் சேத்து எழுதிருங்க மாமா. நானும் அவருக்கு ஒன்னு மறைச்சிருக்கேன். இனிமே இந்த வீட்டுல அவருக்குத் தெரியாம எதுவும் வேணாம்" என்றாள். அதனால்தான் இரண்டும் ஒரே கடிதத்தில் வருகின்றன.

உனக்கு இப்போது ஒரு பிள்ளை பிறக்கப்போகிறது. அதன் நன்மைக்காக அதனிடம் எதையாவது மறைக்க வேண்டும் என்று உனக்கும் ஒரு நாள் தோன்றும். தோன்றும்போது யாருடைய பயத்துக்காக மறைக்கிறோம் என்று மட்டும் கேட்டுப் பார். என் விஷயத்தில் அது முழுக்க முழுக்க என் பயம்தான். உன் நன்மை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். இதற்கு மேல் உனக்குப் புத்தி சொல்லும் இடத்தில் நான் இல்லை.

வேலையை விட்டுவிட்டு வருவதா, இருப்பதா என்பதை நீயும் சுகன்யாவும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். உனக்காக நான் முடிவு செய்ய மாட்டேன். திங்கட்கிழமை டாக்டரம்மா என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் அங்கேயே நின்று உனக்கு போன் செய்வேன். என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் சொல், போனை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அவள் தூங்கவில்லை, குளிக்கவில்லை, மாடியில் இல்லை.

அந்தக் கல்லூரிக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதன் உறை பிரித்திருக்கிறது, பிரித்தது நான். வெளி உறையை நன்றாக ஒட்டி, மேலே உன் பெயரை எழுதியிருக்கிறேன். இதையாவது நீயே பிரி.

அப்பா